சொந்தக்காரர்களிடம் கொரோனா கிடையாது

எங்கள் உறவினர்களுக்குக் கொரோனாவைப் பற்றித் தெளிவான ஒரு கொள்கை இருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வரும், மார்க்கெட்டிலிருந்து வரும், பக்கத்துத் தெருவிலிருந்துகூட வரும். சொந்தக்காரர்களிடமிருந்து மட்டும் வராது. ரத்த சம்பந்தம் என்றால் கிருமிக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கும் அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் நான் என் தங்கையின் சிறுநீரகத்தை வயிற்றில் வாங்கிக்கொண்டு முதலியார்பேட்டை வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். டயாலிசிஸ் மெஷினிடமிருந்து தப்பித்த சந்தோஷத்தில் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்த நாட்கள். டாக்டர் விவரமாகத்தான் சொல்லி அனுப்பினார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு வேற்றாளாக நினைத்துத் தாக்கும். தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறோம். எந்தக் கிருமி வந்தாலும் தடுக்க ஆளில்லை, வீட்டுக்குள் யாரையும் விடாதீர்கள் என்றார்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் என் மனைவியும் தங்கையும்தான். தங்கைக்கு வீடு தேங்காய்த்திட்டில். அவள் புருஷன் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவள் வருவாள், கேட்டுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டே போனில் பேசுவாள், போய்விடுவாள்.

"அவரு நாலு பேரு மூஞ்சியில முழிச்சிட்டு வர்றாரு. நான் உள்ள வரமாட்டேன்ண்ணா" என்பாள்.

மற்றவர்கள் தாராளமாக வந்தார்கள். உடம்பு சரியில்லாதவனை வந்து பார்க்காவிட்டால் நாளைக்கு ஒரு கல்யாணத்தில் பேச்சு வரும். கிருமியைவிட அந்தப் பேச்சுக்குத்தான் எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். தெருமுனையில் போலீஸ் நின்றதால் வாசல் வரைக்கும் மாஸ்க் இருக்கும். உள்ளே வந்ததும் கழற்றிவிடுவார்கள். இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல வாயைப் பொத்திக்கொண்டா நலம் விசாரிப்பது? வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என் மனைவி சொன்னாள், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள்.

பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். எதிரியையே நேருக்கு நேர் பார்த்தவருக்கு மாஸ்க் எதற்கு? அது தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரு யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு மாமா" என்றாள் மனைவி.

"அவரு வெளியாளச் சொல்லியிருப்பாரும்மா. நான் என்ன மூணாவது மனுஷனா?"

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுநடுவே இருமினார், கேட்டதற்குத் தூசி என்றார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

"கிட்னியக் குடுத்தாளே, ஒருநாளாவது உள்ள வந்து பாத்தாளா? குடுத்ததோட சரியாப் போச்சா? தெருவுல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறதுக்குப் பேரு தங்கச்சியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பெரியப்பா ஆயிற்றே. காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல், கொரோனா. அடுத்து எனக்கு. அவர் வீட்டிலேயே மிளகு ரசம் குடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார், பட்டாளத்து உடம்பு. நான் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டு கிடந்தேன். டாக்டர்களுக்கு என்னை வைத்துக்கொண்டு பெரிய சங்கடம். மாத்திரையைக் குறைத்தால் உடம்பு கொரோனாவோடு மல்லுக்கட்டும், கூடவே தங்கை கொடுத்ததையும் தாக்கலாம். குறைக்காவிட்டால் நான் தேறமாட்டேன். குறைத்தார்கள். நான் பிழைத்தேன். சிறுநீரகம் போய்விட்டது.

இதற்கிடையே எங்கள் சொந்தத்தில் ஒரு விசாரணையும் நடந்து முடிந்திருந்தது. செக்கப்புக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவன் நான்தான் என்பதால், பெரியப்பாவுக்குக் கொரோனாவைக் கொடுத்ததும் நான்தானாம். அவர் பெருந்தன்மையாக என்னை மன்னித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மறுபடியும் மெஷினுக்குப் போகத் தொடங்கினேன். மறுபடியும் தண்ணீருக்கு அளவு. துக்கம் விசாரிப்பது போல ஒரு சுற்று எல்லாரும் வந்தார்கள். பெரியப்பா வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, போனது போகட்டும், நாம் இரண்டு பேரும் பிழைத்தோமே, அதைச் சொல்லு என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தங்கை கூடத்துக்கு வந்து நின்றாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்கள் அழுது வீங்கியிருந்தன. என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வாம்மா, இப்பவாவது அண்ணன் வூட்டுக்கு வழி தெரிஞ்சுதே" என்றார் பெரியப்பா.

"அப்ப உள்ள ஒண்ணு இருந்துச்சு பெரியப்பா, அதான் வரல. இப்ப இல்ல, வந்துட்டேன்" என்றாள்.