ஜோஸ்வா விற்ற விண்டோஸ் போன்

ஜோஸ்வாவுக்குக் கோபம் மூக்கு மேலே நிற்கும். அதனாலேயே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வருஷக்கணக்காகச் செல்போன் விற்றும் வெறும் சேல்ஸ்மேனாகவே இருந்தான். விண்டோஸ் போன் வந்து இறங்கிய காலத்தில், "கண்ண மூடிக்கினு வாங்குங்க, நான் கேரண்டி" என்று நாற்பது பேர் தலையில் கட்டினான். கட்டினான் என்பது ஊர்ப்பேச்சு. அவனைக் கேட்டால் 'கொடுத்தேன்' என்பான்.

குறை சொல்ல முடியாத போன் அய்யா அது! கீழே விழுந்தாலும் உடையாது, நடுவில் மக்கர் பண்ணாது. ஆனால் பேங்க் ஆப் கேட்டால் இல்லை, கேம் கேட்டால் இல்லை. ஆள் சேரட்டும், செய்கிறோம் என்று ஆப் செய்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆப் வரட்டும், வாங்குகிறோம் என்று ஜனம் ஆண்ட்ராய்டு பக்கம் போய்விட்டது. கடையில்லாத சந்தைக்கு எவன் வருவான்? ஆளில்லாத சந்தையில் எவன் கடை போடுவான்? கடைசியில், 2019 டிசம்பரோடு அதில் வாட்ஸ்அப்பும் நின்றுவிடும் என்று செய்தி வந்தது.

முதலாளி சின்னதுரை உடனே எக்ஸ்சேஞ்ச் மேளா போட்டார். மைக்கை ஜோஸ்வா கையில் திணித்தார்.

"டப்பா போனு, குடுத்துட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்லு. வித்தவன் நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

"டப்பான்னு சொல்ல மாட்டேங்க."

"அப்ப நாளையிலேர்ந்து கடைக்கு வராத."

சொன்னால் வேலை தங்கும், வாக்கு போகும். அந்த நேரம் பார்த்துக் கல்வராயன் மலையிலிருந்து தைலம்மாள் வந்து நின்றாள், கையில் அவன் விற்ற போன். சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள் மணிமொழி முகத்தை அவள் அதில் வாட்ஸ்அப் வழியாகத்தான் பார்ப்பாள்.

"இன்னாப்பா, நீ குடுத்தது சொத்தையாமே?"

ஜோஸ்வா மைக்கிலேயே பதில் சொன்னான். ரோடு வரைக்கும் கேட்டது.

"போன் மேல குத்தமில்லக்கா. ஆப் செய்யறவங்க கைவுட்டுட்டாங்க. பொண்ணு மொகம் பாக்கணும்னா இனிமே ஆண்ட்ராய்டுதான், வேற வழியில்ல. ஆனா நான் வித்தது நல்ல சரக்கு. தலையே போனாலும் மாத்திப் பேச மாட்டேன்!"

சின்னதுரை மைக்கைப் பிடுங்கினார்.

தைலம்மாள் ஜோஸ்வா காட்டிய புதுப் போனை வாங்கினாள். பழசுக்குச் சின்னதுரை கை நீட்ட, அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கெட்டுப்போவாத சாமான இன்னாத்துக்குக் குடுக்கறது? ரேடியோ கேட்டுக்கினு இருப்பேன்." பிறகு ஜோஸ்வாவைப் பார்த்தாள். "நாளைக்கு எந்தக் கடைல இருப்பேன்னு சொல்லிட்டுப் போ. எங்க ஊரு ஆளுங்க அங்கதான் வருவாங்க."

சின்னதுரை மைக்கை மெதுவாக ஜோஸ்வா பக்கம் தள்ளினார். அவன் அதைத் தொடவில்லை.