கோலத்துக்கு இடைஞ்சலாக இருந்த இரண்டு கற்கள்

டக்... டக்... டக்...

ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் முன் சக்கரத்துக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

2008 மார்கழி. மூன்று கை மாறி வந்த பழைய கார் ஒன்று அப்போது எங்களிடம் இருந்தது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நடராஜரைப் பார்க்கப் போன அன்றுதான் சத்தம் பெரிதானது. திரும்பியதும் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஆக்சில் தேஞ்சி போயிருக்கு சார். ரெண்டு பக்கமும் மாத்தணும்."

"கூலி எவ்ளோங்க?" கேட்டது நான்தான். வீட்டுக் கணக்கு என் கையில்.

அவர் சொன்ன தொகைக்கு எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை வந்துவிடும்.

"ஏங்க, சாமான மட்டும் வாங்கி நாமளே மாத்திக்கலாங்க. நம்ம பழனி இருக்கானில்ல?" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பழனி என் தம்பி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன்.

மெக்கானிக் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார்.

"தாராளமா செய்ங்கம்மா. ஆனா ஒண்ணு சார்... கழட்டுன வீல உருட்டி அந்தாண்ட வுட்றாதீங்க. வண்டிக்கு அடியில படுக்கப் போட்டுட்டு, அப்புறம் நீங்க படுங்க."

கூலி கைவிட்டுப் போன கடுப்பில் பயம் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் எட்டாவதுதான். ஆனால் காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருந்தேன். "பின் சக்கரத்துக்குக் கல்லு முட்டுக் குடுத்துட்டுதான் ஜாக்கி வைக்கணும்னு போட்டிருக்கு" என்று படித்துச் சொன்னதும் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கினார்கள். எங்கள் வாசல் தெருவைப் பார்த்துச் சரிவு. காரின் முகம் வீட்டுப் பக்கம், பின்புறம் தெருப் பக்கம். பழனி இரண்டு கருங்கற்களைக் கொண்டுவந்து பின் சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்தான்.

"ஹேண்ட் பிரேக்கு இருக்கில்ல மாமா?"

"அது பேருக்குதான் மச்சான் இருக்குது."

ஒரு பக்க ஆக்சிலைக் கழற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. காரை ஜாக்கியிலேயே விட்டுவிட்டுப் படுத்தோம்.

மார்கழி... விடியும் முன்பே வாசல் தெளித்தேன். பதினைந்து புள்ளிக் கோலம். புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், இந்தக் கல் இரண்டும் குறுக்கே. எடுத்துக் கழுவித் துளசி மாடத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். கார் அசையவில்லை. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வாயில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு இருவரும் வேலையில் இறங்கினார்கள். பின்னால் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நேற்று வைத்த கல்தானே!

நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன்.

கற்கள் இரண்டும் என்னைப் பார்த்தபடி இருந்தன.

திரும்பினேன். காருக்கு வெளியே வீட்டுக்காரருடைய இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

கத்த வாயைத் திறந்தேன்... கத்தினால் திடுக்கிட்டு அசைவாரே! மூச்சுவிடக்கூடப் பயம். ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு காரின் பின்பக்கம் போனேன். நான்கு எட்டுதான். நாராயணா, நாராயணா என்று ஒவ்வோர் எட்டுக்கும்...

"இன்னும் ஒரே ஒரு தட்டு, மாமா!" என்றான் பழனி.

சுத்தியல் விழுந்தது. கார் ஒரு சாண் பின்னால் நகர்ந்து என் கோலத்தின் மேல் ஏறியது. ஜாக்கி சரிந்தது.

தட்!

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"மாமா... மாமா..." பழனி குனிந்து கூப்பிட்டான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடியிலிருந்து, "யோவ் மச்சான்... இன்னாய்யா நின்னு வேடிக்க பாக்குற? தூக்குய்யா!"

கழற்றிய வீல்! மெக்கானிக் சொன்னாரே என்று வீட்டுக்காரர் அடியில் போட்டிருந்த வீல். கார் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் மார்புக்கும் காருக்கும் நடுவே நாலு விரல் இடம்.

வெளியே இழுத்தோம். நெற்றியில் கிரீஸோடு கொஞ்சம் ரத்தம்.

"கல்ல எவன்டா எடுத்தது?"

"சத்தியமா நான் இல்ல மாமா."

கல் என் கையில்தான் இருந்தது.

"நாந்தாங்க... கோலத்துக்கு எடஞ்சலா இருந்துச்சின்னு..."

திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். "புஸ்தகத்துல படிச்சிச் சொன்னதே நீதானம்மா" என்றார். அவ்வளவுதான்.

பழனி அப்போதே பஸ் ஏறிப் போய் அந்த மெக்கானிக்கை அழைத்து வந்தான். அவர் காருக்கு அடியில் கிடந்த வீலைப் பார்த்தார், வீட்டுக்காரர் நெற்றியைப் பார்த்தார். "சொன்னத கேட்டீங்களே சார், அது போதும்" என்றார். மதியத்துக்குள் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டார். கேட்ட கூலியைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அந்தச் செலவை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

ஆருத்ரா தரிசனத்துக்கு அதே காரில்தான் போனோம். சத்தமே இல்லை. சன்னதியில் அந்த மெக்கானிக்கின் பெயருக்கும் அர்ச்சனை செய்ய ஆசை. பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்று அங்கே நின்றுதான் உறைத்தது.

இப்போது வேறு கார். போன் செய்தால் ஆள் வந்து வண்டியை எடுத்துப் போகிறார், சரி செய்து கொண்டுவந்து விடுகிறார். பில்லை நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வாசலையும் சரிவில்லாமல் சமமாக்கிச் சிமெண்டு போட்டாகிவிட்டது. "இதுக்கெதுக்கும்மா கல்லு?" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

இருக்கட்டும் என்று நான்தான் தினமும் வைக்கிறேன். விடியற்காலையில் அந்தக் கற்களைத் தொடாமல், சுற்றித்தான் புள்ளி வைக்கிறேன். கோலம் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் வருகிறது...

கோணட்டும்.