கடைசி எண்பது பக்கம்

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். வாசகர் கூட்டத்திலும் அவளுக்கு எக்ஸ்ரேக்காரம்மா என்றுதான் பெயர். தொழிலுக்காக மட்டும் வந்த பெயரில்லை. யாருக்கு எந்தப் புத்தகம் ஒத்துப்போகும் என்று, ஆளின் உள்ளே பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி சொல்லிவிடுவாள். அவள் கைகாட்டிய புத்தகம் பிடிக்கவில்லை என்று யாரும் திருப்பித் தந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கூட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தையல் கடையின் மாடி அறையில் நடக்கும். பத்துப் பேர் வருவார்கள். அந்த மாதம் படித்ததைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, புத்தகத்தை விருப்பப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். நடத்துவது ஒரு கணக்கு டீச்சர். முழுசாகப் படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம்.

அந்த மாதம் ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் லீவு. எக்ஸ்ரேக்காரம்மா காலை வேலையும் மாலை வேலையும் சேர்த்துப் பார்த்தாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லி வீட்டுக்கு வந்தால், புத்தகம் மூக்கின் மேல் விழும். கணவர் எடுத்து மேஜையில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இன்னும் எண்பது பக்கம் பாக்கி.

கூட்டத்துக்கு வரத் தொடங்கிய ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் வெறுங்கையோடு போனதில்லை. டீச்சர் வேறு அன்றைக்கு ஊரில் இல்லை. படித்த வரைக்கும் போதும் என்று எழுந்து பேசினாள். மலைப்பாதையில் லாரி ஓட்டும் ஒருவனின் குடும்பக் கதை அது. அவன் மாமியார் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு வழி சொல்லும் இடத்தை அவள் சொன்னபோது அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு தந்த தெம்பில், "முடிவுதான் இதுக்கு உயிரே" என்றும் சொல்லி வைத்தாள்.

உடனே கை நீட்டியவர் பஸ் டிரைவர்.

கீழே தையல் கடையில் வேலை செய்யும் பெண்ணின் கணவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய பஸ்ஸின் பின் சக்கரத்தில் சைக்கிளில் வந்த ஒரு பெண் விழுந்து இறந்துபோனாள். அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் எட்டு மாதம் வண்டியைத் தொடவில்லை. வீட்டில் பேச்சே நின்றுபோக, மனைவிதான் மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். கூட்டத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. அவரும் வந்து உட்கார்ந்து கேட்பார், ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவார். பேசமாட்டார்.

ஒரு நொடி தயங்கிவிட்டு, எக்ஸ்ரேக்காரம்மா புத்தகத்தை அவரிடம் கொடுத்தாள்.

மறுநாள் மாலை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது டீச்சர் போன் செய்தார். யார் எதை எடுத்துப் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், லாரிக் கதை என்றதும் பேச்சை நிறுத்தினார்.

"அதை அவர்கிட்டயா குடுத்தே? கடைசியில அந்த லாரியில ஒரு பொம்பளை அடிபட்டுச் செத்துப்போறாளே. நீ படிச்சேல்ல?"

 அவள் போனை வைத்துவிட்டு உடனே டிரைவரைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. அவர் மனைவியைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பதினேழாம் நம்பர் வண்டியில் இருக்கிறார், புத்தகத்தையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார், காலையிலிருந்து அதிலேயே மூழ்கிக் கிடந்தார் என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

எக்ஸ்ரேக்காரம்மா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினாள். நான்காவதாக வந்த பஸ் பதினேழு. முண்டியடித்து முன்பக்கம் போனாள். டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியின் மேல் புத்தகம் கிடந்தது. அடையாளத்துக்கு ஒரு டிக்கெட்டைச் செருகியிருந்தார். டிக்கெட்டுக்கு அந்தப் பக்கம் விரல் கனம்கூட இல்லை.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். தலையாட்டவில்லை. ஓடும் வண்டியில் அவரோடு பேசக்கூடாது. கடைசி நிறுத்தத்துக்கு நாற்பது நிமிஷம். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கை புத்தகத்துக்குப் போகிறதா என்று பார்த்தபடி நின்றாள். வண்டிக்குக் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தபோது அவள்தான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் நிதானமாக வேகத்தைக் குறைத்து, அது கடக்கும்வரை காத்திருந்து, மறுபடி கிளப்பினார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் என்ஜினை அணைத்தார். அவள் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"மத்தியானமே அந்த இடத்துக்கு வந்துட்டேன்மா," என்றார் அவர். "மூடி வெச்சுட்டேன். அப்புறம் யோசிச்சேன். இத்தனை மாசமா யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நீங்க ஒருத்தராவது இதைக் குடுத்து, கேக்கறதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் ஆமாம் என்றிருக்கலாம். அவர் முகமும் அதைத்தான் எதிர்பார்த்தது. 

"இல்லண்ணா. நான் அதுவரைக்கும் படிக்கவே இல்ல. படிச்ச மாதிரி பேசிட்டேன்."

 அவர் புத்தகத்தை எடுத்தார், ஆனால் அவளிடம் கொடுக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நீங்க எதுவும் கேக்க வரலை."

"வரலண்ணா," என்றாள். "இப்போ கேக்கலாமா?"

வண்டி எடுக்க நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார். அவள் வேறு பஸ் பிடித்துத் திரும்பினாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. எக்ஸ்ரேக்காரம்மா எல்லார் முன்பும் எழுந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டீச்சர் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அதற்கடுத்த மாதமும் அவர் நாற்காலி காலி. வேலைக்கு ஒழுங்காகத்தான் போகிறார் என்று அவர் மனைவி சொன்னாள், முகம் பார்க்காமல்.

மூன்றாம் மாதம் எல்லாரும் வந்த பிறகு, டிரைவர் வந்து கதவோரம் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது வழக்கம்போலத் தாண்டிப் போக டீச்சர் வாயெடுத்தார். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். பையிலிருந்து லாரிக் கதையை எடுத்து மடியில் வைத்தார்.

"முழுசாப் படிச்சுட்டேன்," என்றார். "இதை எழுதினவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அடிபட்டதும் லாரிக்காரன் இறங்கி ஓடறான்னு எழுதியிருக்கார். கால் வராது. நான் இறங்கறதுக்கே ரொம்ப நேரமாச்சு."

 எக்ஸ்ரேக்காரம்மாதான் கேட்டாள்: "அப்போ என்ன மணி அண்ணா?"

காலை எட்டே கால் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் சைக்கிள் கூடையில் என்ன இருந்தது, யார் முதலில் ஓடி வந்தார்கள், அவள் அண்ணன் விசாரணையில் தன்னை எப்படிப் பார்த்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்து நிமிஷம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வேறு யாரும் தங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை.