கேட்டில் தொங்கும் என் இலைப்பூச்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் போக எனக்கு இப்போது அனுமதி இல்லை. ஆனால் நான் எடுத்த படம் அந்தக் காட்டு வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். வாரம் முழுக்க நின்று நின்று கால் வீங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டுக்கு வந்தால், நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவேன். லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய்க்கு ஊற்று அங்கேதான் இருக்கிறது. குழாயில் இலை அடைத்தால் எடுத்துவிடப் போய்ப் போய் எங்கள் காலால் விழுந்த பாதை அது. ஓரத்தில் காட்டுக் காசித்தும்பை, வலை நடுவில் தலைகீழாகத் தொங்கும் சிலந்தி, எதைக் கண்டாலும் குந்திக்கொண்டு போனில் படம் எடுப்பேன். நாய்க்குப் பொறுக்காது. பூச்சிக்கும் போனுக்கும் நடுவில் மூக்கை நீட்டும். "சனியனே, தள்ளு" என்று திட்டிவிட்டு அதையும் ஒரு படம் எடுப்பேன்.

போன வருடம் ஆயுத பூசைக்கு எல்லோரும் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தார்கள். நான் என் போனுக்கு வைத்தேன். பின்னே, என் ஆயுதம் அதுதானே? மறுநாள் காலையில் காட்டுக்குப் போனால் கொய்யா மரத்தில் ஓர் இலைப்பூச்சி. இலையோடு இலையாக, ஓரத்தில் காய்ந்த பழுப்புக்கூட அப்படியே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தின் வலது மூலையில் செக்கச்செவேலென்று ஒரு மங்கல். கேமராக் கண்ணாடியில் குங்குமம் அப்பியிருக்கிறது! அன்று எடுத்த எல்லாப் படத்திலும் அதே மூலையில் அதே சிவப்பு. ஆனாலும் பூச்சி அத்தனை அழகாக விழுந்திருந்ததால் இணையத்தில் போட்டேன்.

சில மாதம் கழித்துப் தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவை யாரோ ஹோட்டலாக்கி, காட்டையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட், பூட்டு. பக்கத்தில் ஒரு பெரிய போர்டு. போர்டில் என் இலைப்பூச்சி, என் குங்குமத்தோடு! அடப்பாவிகளா, ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

கேட்டில் காவல் நிற்கும் வாச்சர் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி. "உள்ள விட வேணாம்னு சொல்லியிருக்காங்கக்கா. நாயப் பாத்தா கெஸ்ட்டுங்க பயப்படுறாங்களாம்" என்றான்.

"அப்ப தண்ணி அடைச்சா?"

"அவங்களே ஆள் அனுப்புவாங்களாம்."

நேராக மேனேஜரிடம் போனேன். கொழும்புக்காரர், தமிழ் பேசினார். "அது எங்கட போட்டோகிராபர் எடுத்தது, மிஸ். அந்த மூலையில பாருங்க, சூரியன் உதிக்கிற வெளிச்சம் எவ்வளவு வடிவா விழுந்திருக்கு!"

சூரியனாம்! அந்தக் கொய்யா நிற்கிற பள்ளத்தில் உச்சிப்பொழுது வரை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சேர், அது சூரியன் இல்ல. எங்க வீட்டுக் குங்குமம்" என்று போனைத் திறந்து அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். காசித்தும்பையின் மூலையில் சிவப்பு. சிலந்தியின் மூலையில் சிவப்பு. நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கிற நாயின் படத்திலும் அதே சிவப்பு.

"நாய்க்குப் பின்னாலயும் சூரியன் உதிச்சிருச்சா சேர்?"

மனிதர் முகம் சுருங்கிவிட்டது. "சரி, கீழ உங்கட பேரைப் போட்டு விடுறம்" என்றார்.

"பேரு வேணாம். கேட்டத் தொறந்து விடுங்க. அது நாங்க நடந்த பாதை."

"அது மேலிடத்து முடிவு, மிஸ்."

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். புதிய படம் ஒட்டியிருந்தார்கள். அதே பூச்சிதான். பேர் இல்லை. சிவப்பு மூலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். திருடியதும் பற்றாமல், திருடிய தடத்தையும் துடைத்துவிட்டார்கள்!

இந்த வருட ஆயுத பூசை அன்று நாயோடு கேட் பக்கம் போனேன். தம்பி பூட்டுக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"வெக்கமா இல்லையாடா? நம்மள வெளிய நிறுத்துற பூட்டுக்கா பொட்டு வைக்கிற?"

"என்னக்கா செய்யச் சொல்றீங்க? எனக்குச் சோறு போடுறது இதுதானே."

அவனைத் திட்டி என்ன பிரயோசனம்? அவன் கையிலிருந்த குங்குமக் கிண்ணத்தை வாங்கினேன். நுனிக்காலில் எட்டி, போர்டின் வலது மூலையில் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தேன். அவன் குனிந்து நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "மேனேஜர் கேட்டா, சூரியன் உதிச்சிருச்சுன்னு சொல்லு."