அம்மா கழுவாத தட்டு

என் அம்மா வெளியில் சாப்பிட்டால் தட்டைக் கழுவ மாட்டாள். வீட்டில் மலை மாதிரி பாத்திரம் கிடந்தாலும் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள், அது வேறு கதை. கல்யாண வீட்டில் யாராவது "சாப்பிட்ட இலைய எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், காது கேளாதவள் மாதிரி எழுந்து நேராகக் கை கழுவப் போய்விடுவாள். அந்த இலையை நான்தான் எடுத்துப் போடுவேன். எதற்கென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் நெல் ஆராய்ச்சியில் இருக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா நன்னிலம் பக்கத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசிய பாதி அவளுக்குப் புரியவில்லை. "நடவுன்னு சொன்னியே, அது புரிஞ்சுது" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரிடம், கேட்காமலே, "எம்பொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் சென்னைக்கு ரயில். அதனால் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் புதிதாக வந்திருக்கிற ஒரு விடுதியில் இடம் போட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்குகிற இடம். சுவரெல்லாம் சித்திரம், கூடத்தில் ஊஞ்சல், ஆடுவதற்குத் தாயக்கட்டை, அறைக்குள்ளே மேலும் கீழுமாகக் கட்டில், அதற்கு ஒரு திரை. வாடகையும் குறைவு. அம்மா கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குத்தானடி ரயிலு, இன்னிக்கே ஏத்திட்டியா?" என்றாள்.

ஆனால் சாப்பாட்டுக்கூடம் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஒரே நீள மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. கல்லூரிப் பெண்கள், சைக்கிளில் ஊர் சுற்றுகிற பையன்கள், முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, எல்லோரும் அதில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "எல்லாருக்கும் ஒரே பெஞ்சா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். ஓரத்தில் இடம் இருந்தது. அவள் போய் நட்டநடுவில் உட்கார்ந்தாள்.

எதிரே அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரியவர். அம்மா சும்மா இருப்பாளா?

"ஐயாவுக்கு எந்த ஊருங்க?"

"கும்பகோணம் பக்கம்மா. தாத்தா காலத்துல மிராசு. இப்ப நிலமும் இல்ல, வீட்டையும் வித்தாச்சு. பிள்ளைங்க வெளிநாட்டுல. ஊர்ப்பக்கம் வந்தா இப்படித்தான் எங்கயாவது தங்கிக்கிறது."

மிராசு என்ற வார்த்தையில் அம்மாவின் கை சோற்றில் ஒரு கணம் நின்றது. என் காதருகே குனிந்து, "நம்மூரு பண்ணை ஐயா வீடு இல்ல, இது வேற ஐயா" என்றாள். பிறகு ரச வாளியை அவர் பக்கம் தள்ளி, "போட்டுக்குங்க" என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பெண், மூக்குத்தியும் செம்பட்டைச் சாயம் அடித்த முடியுமாக இருந்தவள், சிரித்துக்கொண்டே வந்து, "அம்மா, சாப்பிட்டு முடிச்சா தட்டை அங்க கழுவி வெச்சிடுங்க" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன்.

குழாய்க்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சாயங்கால வகுப்பு நடத்திக் கற்றுக் கொடுத்த படிப்பு அது. 'அவரவர் தட்டை அவரவரே கழுவவும்.' படித்து முடித்ததும் முகம் இறுகிவிட்டது.

"பையை எடுடி. ஸ்டேஷன் பெஞ்சுல படுத்துக்கலாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். இன்றைக்கு வாய் நிறைய 'எம்பொண்ணு' என்று சொன்னவள், நான் கூட்டிவந்த இடத்திலேயே சிறுமைப்பட்டுப் போகிறாளே என்று இருந்தது எனக்கு.

இந்தக் கழுவாத கதை தொடங்கியபோது நான் அவள் வயிற்றில் இருந்தேன். ஆட்சி மாறி, மேடைக்கு மேடை இது உங்கள் ஆட்சி என்று பேசிக்கொண்டிருந்த காலம். குடியிருக்கிற மனைக்குப் பட்டா வரும் என்றார்கள், அதுவும் பிறகு வந்தது. ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனி கிளாஸ், தனி ஆணியில் தொங்கியது. நின்றுகொண்டே குடித்து, நாமே கழுவி, நாமே மாட்ட வேண்டும். பெஞ்சு மற்றவர்களுக்கு. கூலியை உயர்த்தக் கேட்டு, அறுக்காமல் நின்ற கதிருக்கு நடுவே சங்கக் கொடியை ஊன்றி, தாலுகா ஆபீசில் பேசி ஜெயித்துத் திரும்பிய அன்று, அம்மா டீ குடித்துவிட்டு அந்த கிளாசைக் கழுவாமல் பெஞ்சின் மேல் வைத்தாள். கழுவி வை என்றார் கடைக்காரர். பெஞ்சில் பண்ணையார் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா மொதல்ல அவரு கிளாசைக் கழுவட்டும். அடுத்த நிமிசம் நான் கழுவுறேன்."

அடுத்த போகம் முழுக்க அவளுக்கு ஊரில் ஒருவரும் நடவு கொடுக்கவில்லை. வயிற்றில் என்னையும் சுமந்துகொண்டு அசலூருக்கு நடந்து போய் நட்டுவிட்டு வந்தாள். கிளாசைக் கழுவவில்லை. அதன்பிறகு வெளியில் எங்கேயும் எதையும் கழுவவில்லை.

இதை அந்த மூக்குத்திப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அவள் பாவம், விழித்துக்கொண்டு நின்றாள். நான் பையை எடுக்க எழுந்தேன். "அம்மா, கோவப்படாத, ஒன் தட்டை நான் கழுவுறேன்" என்றேன். "நீ மட்டும் ஏண்டி கழுவணும்? ஒனக்கு என்ன தலையெழுத்தா?" என்று சீறினாள்.

அப்போதுதான் எதிரே இருந்த பெரியவர் எழுந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருக்காது, மேசை முழுக்க ஒரே இரைச்சல். தன் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தேய்க்கிற நாரை எடுத்தார். வாழ்நாளில் பாத்திரம் தேய்த்துப் பழகாத கை என்று பார்த்தாலே தெரிந்தது. சட்டையெல்லாம் தண்ணீர். கழுவி, அடுக்கில் கவிழ்த்தார்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் தட்டைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, வேணாம்மா."

"சும்மா இருடி. சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல?"

குழாயடிக்குப் போனாள். அவர் ஒதுங்கி இடம் விட்டார். அம்மா தன் தட்டைக் கழுவும் முன் அவர் கவிழ்த்து வைத்த தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அடியில எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்குங்களே."

பெரியவர் வாங்கிப் பார்த்தார். "ஆமாம்மா, சரியாக் கழுவல" என்று சொல்லி, மறுபடி குழாயைத் திறந்தார். அவர் கழுவி முடிக்கும்வரை அம்மா பக்கத்தில் நின்றாள். எனக்கு அப்படி ஒரு பெருமை, அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரிடமும் "எங்கம்மா" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவர் தட்டைக் கவிழ்த்த பிறகு, அம்மா தன் தட்டைக் கழுவி அதன் பக்கத்திலேயே கவிழ்த்தாள்.