சொந்தத் தெருவைச் சுழித்தவர்

2001 மே மாதம் திண்டுக்கல்லில் வாக்கு எண்ணும் பணிக்கு என்னைப் போட்டிருந்தார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்சியின் முகவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஈரத் துண்டு. ஒவ்வோர் இயந்திரத்தின் முடிவையும் நான் வாசிக்க, சாவடி வாரியாக எழுதிக்கொண்டார். தன் கட்சிக்கு வாக்குக் குறைந்த சாவடியைப் பென்சிலால் சுழித்தார்.

“சுழி எதுக்குங்க?”

“முன்னெல்லாம் சீட்டை ஒண்ணாக் கலக்கி எண்ணுவாக சார். எந்தத் தெரு கவுத்துச்சுன்னு தெரியாது. இப்ப மிஷினு காட்டிக் குடுத்துருதுல்ல? சுழிச்ச தெருவுக்குத் தண்ணிக் குழாய் போகாது.”

எங்கள் வறண்ட சமவெளியில் கோடைக்குக் குழாய்தான் உயிர். சாதிக்கொரு தெருவாக ஊர்கள் எப்போதோ பிரிந்துவிட்டதால், தண்டிப்பதும் சுலபம்.

அடுத்த சாவடியில் அவர் கட்சிக்கு விழுந்த வாக்கு எண்ணை வாசித்தேன். பென்சில் நின்றது.

“இன்னொருக்கா வாசிங்க சார்.”

வாசித்தேன்.

“எங்க தெரு சார். கூடப் பொறந்தவனே போடலை போல.”

“சுழிக்காம விட்டுருங்களேன்.”

“விட்டா, நானும் சேந்து கவுத்தேம்பாக.”

தாள் கிழியும்படி அழுத்திச் சுழித்தார். அவர் கட்சிதான் ஜெயித்தது. வெளியே வெடிச் சத்தம் கேட்டதும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அதே தெருவுக்குத்தான் அவர் திரும்பிப் போக வேண்டும்.

தேதியும் எண்ணும் பிசகக் கூடாது என்று வாழ்பவன் நான். அன்று இரண்டாம் முறையும் தெளிவாகவே வாசித்தேன். வேறு எண் ஏதாவது என் வாயில் வருமென்று எதிர்பார்த்தாரோ என்று இன்றும் யோசிக்கிறேன்.