அம்மாள் வந்த வீட்டில் ஒரு பூனை

எங்கள் வாசல் படலையில் வேப்பிலை கட்டிய அன்று வீட்டுக்குள் ஒரு பூனையும் இருந்தது. அது எங்கள் பூனை இல்லை. மீன் பிசையாத சோற்றில் வாயே வைக்காத பூனை. இரண்டும் ஒரே கிழமைக்குள் வந்து சேர்ந்ததற்கு என் வாய்க்கொழுப்பைத் தவிர வேறு எதையும் குற்றம் சொல்ல முடியாது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. புளியந்தீவில், பின்வேலிக்கு அப்பால் வாவி தெரியும் சின்ன வீடு எங்களுடையது. ஓகஸ்ட் லீவு விட்டதும் ஒழுங்கையில் பாதிப்பேர் ரயில் ஏறிவிடுவார்கள். வாத்தியார் குடும்பங்கள் யாழ்ப்பாணம் போகும். வெள்ளைக்கார வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் குளிர் தேடி மலைநாட்டுக்குப் போகும். அவர்கள் ஆசையாக வளர்த்த சீவன்கள் மட்டும் ஊரில் மிஞ்சும். “விட்டிட்டுப் போங்க, நான் பாக்கிறன்” என்று ஒரு தரம் வாய்தவறிச் சொன்னேன், அவ்வளவுதான். முதலில் ஒரு சோடி லவ்பேர்ட்ஸ் வந்தது. பிறகு முயல், ஆமை, கூட்டோடு ஒரு கிளி. மலைநாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள் லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்து தருவார்கள். முயல் ஒரு நாள் வேலி நுழைந்து ஓட, மூன்று வளவு தாண்டிப் போய்ப் பிடித்துவந்தேன். ஆமை ஐந்து நாள் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்க, நான் வாவிக்கரை முழுக்கத் தேடி அழுதேன். இந்த இரண்டு சங்கதியும் உடையவர்களுக்கு இன்றுவரை தெரியாது. இப்படிச் சின்னச் சின்னதாக மறைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

பூனை, அடுத்த ஒழுங்கையில் கவுண் தைக்கும் பறங்கிப் பெண்மணியுடையது. ஐம்பது தாண்டியவர், கல்யாணம் கட்டாதவர். ஊர் முழுக்க அவரை ‘மிஸி’ என்றுதான் கூப்பிடும். பண்டாரவளையில் தம்பி வீட்டில் இரண்டு கிழமை நிற்கப் போவதாகச் சொல்லி, பனையோலைக் கூடையில் பூனையைக் கொண்டுவந்தார். வயது போன பூனை, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது.

“மீன் இல்லாட்டி இது பட்டினி கிடந்தே செத்துப்போகும் மகள், இதுட குணம் அப்பிடி. எனக்கும் இத விட்டா வீட்டுல ஒருத்தரும் இல்ல” என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது.

“யோசியாமப் பொயித்து வாங்க மிஸி, இது என்ட பொறுப்பு” என்றேன்.

மூன்றாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு வயது. கல்யாணம் கட்டி ஐந்து வருடம் பார்த்திருந்து பெற்ற பிள்ளை. அடுத்த நாள் காலையில் வயிற்றில் முத்துப்போட்டிருந்தது. கொப்பளிப்பான் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாள் என்று மாமிக்குத் தெரிந்தது. மாமி என்பது என் கணவரின் தாய். எங்களோடுதான் இருந்தார். கணவருக்கு அம்பாறைப் பக்கம் வேலை, சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். இந்தச் சனி வரவேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, மாமி படலையில் வேப்பிலை கட்டினார். பிறகு என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்.

“இனி ஒண்டும் தாளிக்கப்படாது. மீன், முட்ட, கருவாடு படலைக்குள்ள வரப்படாது. வீட்டுல இரிக்கிற ஆரும் புள்ளைக்குத் தண்ணி வாக்குற நாள் வரைக்கும் வெளிய போகப்படாது. புள்ளைய இனிப் பேர் சொல்லாத. வந்திரிக்கிறது அம்மாள். அவ என்ன கேட்டாலும் இல்லெண்டு சொல்லிப்போடாத.”

எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னேன். முந்திய வருடம் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை அம்மாள் வருத்தத்தில் செத்துப்போயிருந்தது. அந்தத் தாயின் கத்தல் இன்னும் என் காதில் இருந்தது. மாமி நெருப்பில் நட என்று சொல்லியிருந்தால் அதற்கும் ஓம் என்றிருப்பேன்.

வாவிக் காற்றுப் படட்டும் என்று நிலத்தோடு தாழ்ந்த பின் யன்னலோரத்தில் பாய் போட்டு வெள்ளைச் சீலை விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பிப் பிள்ளையைக் கிடத்தினோம். ஏறாவூரிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர் வேப்பிலையைக் கண்டுவிட்டு, ஹோர்ன் அடிக்காமல் தள்ளிக்கொண்டு போனார். பூனை மட்டும் மணம் பிடித்துப் படலைவரை ஓடிப்போய், அவர் மறையும்வரை கத்திவிட்டுத் திரும்பி வந்தது.

பால்சோறு வைத்தேன். பாண் துண்டைப் பாலில் நனைத்து வைத்தேன். தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்து வைத்தேன். மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அது எழும்பவே இல்லை, பிள்ளை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

“மாமி, பூன மூண்டு நாளாத் தின்னல்ல.”

“அம்மாள் வரக்குள்ள வீட்டுல இருந்த சீவன், துரத்தப்படாது. மீனும் குடுக்கப்படாது.”

“அப்ப என்ன செய்யிற?”

“விரதம் இருக்கட்டும். நாமளும் உப்புப் புளி இல்லாமத்தானே திங்கிறம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் என் பிள்ளை. மறுபக்கம், ‘என்ட பொறுப்பு’ என்று மார்தட்டி வாங்கிய இன்னொருத்தியின் ஒரே துணை. நான் நியாயம் தேடத் தொடங்கினேன். மீன் படலைக்குள் வரக்கூடாது, சரி. வாவி வளவுக்கு வெளியேதான் இருக்கிறது. அடுப்பில் ஏறாத மீன் சமையலும் இல்லை.

அன்று மத்தியானம் மாமி கண்ணயர்ந்ததும், பூனையைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பின்வேலிக் கடப்பு வழியாக வாவிக்குள் இறங்கினேன். வீட்டார் வெளியே போகக்கூடாது என்பதையும் அந்த நேரம் எனக்கு வசதியாக மறந்துவிட்டேன். முழங்கால் தண்ணீரில் நின்று அரிசி வடிக்கும் கூடையால் அள்ளினேன். விரல் நீளத்தில் ஏழெட்டு மீன் துள்ளியது. பூனை தண்ணீருக்குள்ளேயே முன்காலை வைத்து, பச்சையாக, தலையோடு தின்றது. ஒவ்வொரு கடிக்கும் நான் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது முடித்ததும் மஞ்சள் தண்ணீரால் கைகால் கழுவி, அதன் வாயையும் துடைத்து, ஒன்றும் நடவாதமாதிரி வந்து உட்கார்ந்தேன். மாமி அசையவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வெளியே தள்ளி நின்ற முத்துகள் அமுங்கிப்போயிருந்தன. மாமி விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“முத்து உள்ளுக்கு இழுத்திட்டு புள்ள. வீட்டுல என்னமோ ஆகாதது நடந்திரிக்கி. நீ ஏதும் செய்தியா?”

“இல்ல மாமி.”

அப்படிப் பொய் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கொப்பளிப்பான் என்று தெரிந்தவள் நான். இந்த வருத்தம் வெறும் நோய்தான், அதற்கும் மீனுக்கும் தொடர்பில்லை என்று படித்தவள். அந்த நேரம் அந்தப் படிப்பு ஒரு சதத்துக்கும் உதவவில்லை. நான்தான் என் பிள்ளையைக் கொல்கிறேன் என்றே நினைத்தேன். இனி அந்தப் பூனை செத்தாலும் சாகட்டும் என்று அம்மாளிடம் சொன்னேன். மனமாரத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் பூனை பின்கதவடியில் வந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தியது. ருசி கண்டுவிட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிள்ளை கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் எங்கள் முகம் அவளுக்குத் தெரியவில்லை. உதடு வெடித்திருந்தது. மாமி வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தார். திடீரென்று பிள்ளை தெளிவாகச் சொன்னாள்:

“பூனைக்கு மீன் குடுங்க.”

மாமியின் கையிலிருந்த வேப்பிலை கீழே விழுந்தது. அவர் பாய்க்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். தன் பேத்தியைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு கேட்டார்.

“என்ன மீன் தாயே?”

“குட்டி மீன். தண்ணிக்குள்ள வெச்சிக் குடுங்க.”

நான் யன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் படுத்திருந்த இடத்துக்கு நேரே பின் யன்னல். யன்னலுக்கு நேரே கடப்பும் வாவியும். நேற்று அவள் தூங்குகிறாள் என்றல்லவா நினைத்தேன்!

“கேட்டியா புள்ள? அந்தச் சீவனப் பட்டினி போட்டதுக்குத்தான் அவ கோபிச்சிருக்கா. நான் பாவி, மீன் குடுக்கப்படாதெண்டு சொல்லிப்போட்டன்!”

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாமி, அவள் கண்டதைச் சொல்கிறாள், நேற்று நான்தான் கொடுத்தேன் என்று ஒரு வசனம். சொன்னால் மாமி என் முகத்தில் விழிக்கமாட்டார், பூனையும் தப்பாது. பிள்ளை போய்விட்டால் ஆயுளுக்கும் என்னையே குற்றம் சொல்வார்கள். சொல்லாவிட்டால், தன் உயிரைவிடப் பெரிதாக மாமி காத்துவந்த விரதத்தை அவர் கையாலேயே உடைக்க விடுகிறேன். அரிசி வடிக்கும் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஒருவர் பிள்ளையோடு இருக்கவேண்டும் என்று மாமி தனியாகவே போனார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டுவாதக்காரி, வெள்ளைச் சீலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று அள்ளினார். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பவும் அள்ளினார். ஒரு தரம் சறுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். “தாயே, தாயே” என்று வாய்விட்டுக் கூப்பிடுவது வீட்டுக்குள் கேட்டது. எந்த இடத்தில் அள்ளினால் வரும் என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்ல முடியாமல் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரைமணி நேரத்துக்குப் பிறகு நாலைந்து மீன் விழுந்தது. பூனை தின்றதை, மாமி கைகூப்பி நின்று பார்த்தார்.

அன்று பொழுதுபடக் காய்ச்சல் தணிந்தது. மறுநாள் முத்துகள் மேலே வந்தன. அதன் பிறகு பூனைக்குத் தினமும் மீன் நடந்தது, மாமியின் கையால். ஏழாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைப் பிள்ளையின் தலையில் வார்த்தோம்.

மிஸி வந்து பூனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மெலிஞ்சிட்டாலும் உயிரோட இரிக்கே, போதும் மகள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமி நடந்ததை ஒன்று விடாமல் அவருக்குச் சொன்னார். மிஸி சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவர் தந்த ஒரு கட்டு லீக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருடம் கழித்து என் மகனுக்கு முத்துப்போட்டது. கைக்குழந்தை, ஒன்றரை வயதும் ஆகவில்லை. மாமி வேப்பிலை கட்டி முடித்த கையோடு சொன்னார்:

“ஒரு பூன வேணுமே புள்ள. போன முற அம்மாள் கேட்டவதானே.”

மிஸியின் பூனை அதற்கு முந்திய மழைக்கே செத்துப்போயிருந்தது. வீட்டில் எந்த வளர்ப்புச் சீவனும் அப்போது இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

பக்கவேலிக்கு ஓடிப்போய், பக்கத்து வளவைப் பார்த்து, பூனை ஒன்று தரச்சொல்லிக் குரல் கொடுத்தவள் நான்தான்.